கஸ்காசி காற்றில் ஒரு வயலின்: சான்சிபார் நாட்குறிப்பு

முதல் நாள்

பம்பாய் மாட்டுங்காவில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா கேட்டாள்: "ஊர் சுத்திப் பாக்கப் போறவ எதுக்குடி வயலினையும் தூக்கிட்டுப் போற?" டாக்ஸி வந்துவிட்டதால் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சான்சிபாரின் பழைய கல் நகரத்தில், விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவும் இதைப் படிப்பாள், அதனால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

1928இல் இந்தத் தீவைச் சேர்ந்த சித்தி பிந்தி சாத் என்ற பாடகி தன் குழுவோடு கடல் கடந்து பம்பாய்க்கு வந்தார். எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனம் அழைத்திருந்தது. அங்கே சுவாஹிலி மொழியில் பாடி இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இசைத்தட்டில் குரல் பதித்த முன்னோடிகளில் அவர் ஒருவர். நான் பிறந்து வளர்ந்த ஊரில் நடந்த விஷயம் இது. சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டே வளர்ந்த எனக்கு, நாற்பது வயதுக்குப் பிறகுதான் இது தெரிய வந்தது. தெரிந்ததிலிருந்து மனசு இங்கேயே இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பம்பாயில் கலப்பிசைக் கச்சேரிகள் பலவற்றில் வாசித்திருக்கிறேன். கிடார்க்காரர் தன் பாட்டுக்கு ஒரு சுற்று, நான் கல்யாணியில் ஒரு சுற்று, கடைசியில் எல்லோரும் சேர்ந்து வேகமாக ஒரு முடிப்பு, கைதட்டல். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வரும்போது ஒரு வெறுமை இருக்கும். நாங்கள் முறை வைத்து வாசித்தோமே தவிர, சேர்ந்து வாசிக்கவில்லை. சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன என்று பார்க்கத்தான் இந்தத் தீவு. இங்குள்ள தாராப் இசையே பல கரைகள் சேர்ந்து பிறந்ததுதான்.

வழியில் விமானம் மாறிய இடத்தில் வயலினைச் சரக்கோடு போடச் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு கேட்டும் விடவில்லை. இங்கே வந்து திறந்தால் மேல் தந்தி அறுந்திருந்தது, பிரடைகள் எல்லாம் நெகிழ்ந்திருந்தன. உடம்பில் விரிசல் இல்லை. மாற்றுத் தந்தி கையில் இருக்கிறது. இன்று இது போதும்.

இரண்டாம் நாள்

இங்கே தாராப் கற்கும் ஒரு பெண்ணோடு சில மாதங்களாகச் செய்தி அனுப்பிப் பழக்கம். கானூன் என்ற வாத்தியம் படிக்கிறாள், இருபது வயது இருக்கலாம். என்னை "தாதா" என்று கூப்பிடுகிறாள். சுவாஹிலியில் அதற்கு அக்கா என்று பொருள். பம்பாய்க்காரியான எனக்கு அந்தச் சொல் காதில் உட்காரவே ஒரு வாரம் ஆனது.

அவள் "ஸா கூமிக்கு ஒத்திகை" என்று அனுப்பியிருந்தாள். கூமி என்றால் பத்து. காலை பத்து மணிக்கு வயலினோடு போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. எதிர்க்கடைக்காரர்தான் பொறுமையாகச் சொன்னார்: இங்கே மணியைச் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுவார்களாம். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று, நம் மாலை நான்கு அவர்களுக்குப் பத்து. ஜாதகத்தில் உதயாதி நாழிகை என்று எழுதுகிற வீட்டில் பிறந்தவள் நான். இது நம் பாட்டனார் கணக்கு, நாம்தான் விட்டுவிட்டோம் என்று தோன்றியது.

ஆறு மணி நேரம் கையில் இருந்தது, நடந்தேன். கடற்கரையில் அதிசய மாளிகை சாரத்துக்குள் நிற்கிறது. சுல்தான் பர்காஷ் 1883இல் கட்டியது. 2020 டிசம்பரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தாராப் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த பர்காஷிடமிருந்துதான் தொடங்குவார்கள். எகிப்திய இசையில் மயங்கிய அவர், முகமது இப்ராஹிம் என்பவரை கெய்ரோவுக்கு அனுப்பி கானூன் கற்றுவரச் செய்தார். தாராப் என்ற பெயரே தரப் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பாட்டுக் கேட்டு மெய்மறந்து போவதை அரபியில் தரப் என்கிறார்கள்.

அரண்மனையில் அரபியில் தொடங்கிய இசைக்குள் இந்தியக் கரையின் தபேலாவும் ஆர்மோனியமும் நுழைந்தன, ஐரோப்பாவின் அக்கார்டியனும் வயலினும் வந்தன, இந்த மண்ணின் தாளம் ஏறியது. இதெல்லாம் அழகான கதை மட்டும் இல்லை. இதே ஊரில் அடிமைச் சந்தை நடந்தது, 1873இல்தான் மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது ஆங்கிலிகன் தேவாலயம் இருக்கிறது. உள்ளே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். காற்றை நம்பி வந்த வணிகர்களும், கட்டி இழுத்து வரப்பட்டவர்களும் ஒரே துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். இருவர் குரலும் இந்த இசையில் இருக்கிறது.

மாலையில் ஒத்திகை. இன்று கேட்க மட்டும் செய்தேன். ஒரு மாடி அறை, மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள். மூன்று வயலின், இரண்டு அக்கார்டியன், ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் ஒன்று, ஒரு கானூன், நின்றபடி மீட்டும் பெரிய பேஸ், தும்பக் முழவு, பக்கத்தில் போங்கோ. பாடகி ஒரு வரி பாடியதும் எல்லா வாத்தியமும் ஒரே மெட்டை ஒன்றாக வாசித்துப் பதில் சொல்கின்றன. தனி ஆவர்த்தனம் கிடையாது, மேற்கத்திய முறையில் சுரத்துக்குச் சுரம் அடுக்குவதும் கிடையாது. எல்லோரும் ஒரே கோட்டில் போகிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தன் கைவாகில் சின்னதாக ஒரு நெளிவு வைத்துக்கொள்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே பாட்டைப் பேசுவது போல இருந்தது.

மூன்றாம் நாள்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

வயலின் வாசிக்கும் பெரியவர் ஒருவர், எழுபது தாண்டியவர். எல்லோரும் மசே என்கிறார்கள், பெரியவர் என்று அர்த்தம். அவரைப் பார்த்தால் "ஷிகாமூ" சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லி வைத்திருந்தாள். உங்கள் கால்களைப் பிடிக்கிறேன் என்று அதற்கு அர்த்தமாம். சொன்னேன். அவர் "மராஹாபா" என்று ஏற்றுக்கொண்டார். நம் வீட்டில் நமஸ்காரம் செய்து எழுந்தது போலவே இருந்தது.

தரையில் பாய் கேட்டு உட்கார்ந்தேன். வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றியதும் அறையில் பேச்சு நின்றது. மசே தன் வயலினை எடுத்துவைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கி, என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்கு தந்தியையும் வாசித்துக் காட்டு" என்றார். வாசித்தேன். ஸா, பா, ஸா, பா. சுருதி ஐந்து கட்டை.

அவர் தன் வயலினில் நான்கு தந்தியை இழுத்தார். அதே ஸா, பா, ஸா, பா. அதே ஐந்து கட்டை.

மேற்கத்திய வயலினில் நான்கு தந்தியும் ஐந்தாம் சுர இடைவெளியில்தான் ஏறிக்கொண்டே போகும். நம்மவர்கள் அதை மாற்றிக்கொண்டது எனக்குத் தெரியும். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றதிலிருந்து தொடங்கிய கதை அது. அரபு வயலின்காரர்களும் தங்கள் இசைக்காக அதை மாற்றினார்கள், மாற்றியபோது இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை இன்றுதான் காதால் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு பேர் ஒரே பூட்டுக்கு ஒரே சாவியைச் செய்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மசே சிரித்துக்கொண்டே என் வில்லை வாங்கி, குங்கிலியம் அதிகம் என்று தட்டிக் கொடுத்தார்.

சரி, சுருதி ஒன்று, இனி சுலபம் என்று நினைத்தேன். இல்லை. அவர் ஒரு பாட்டைத் தொடங்கினார். ஹிஜாஸ் கார் என்ற மகாம். மகாம் என்பது அவர்களுடைய ராகம் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, சுரங்கள் அப்படியே மாயாமாளவகௌளை. ஆனால் என் விரல் ஸாவைத் தேடிப் போனால் அது அங்கே இல்லை. அவர்களுடைய ஸா ஒரு கட்டையில் இருக்கிறது, என் தந்தியின் மத்திமத்தில். திறந்த தந்தியில் ஸாவை வைத்தே வாழ்ந்தவளுக்கு வீட்டு வாசற்படி நகர்ந்துவிட்டது போல. ஒரு நிமிடம் தடுமாறிய பிறகுதான் உறைத்தது, இது நமக்கும் பழக்கமானதுதான். மத்யம சுருதி, அதாவது மத்திமத்தையே ஸாவாக வைத்துக்கொள்வது. நாதநாமக்கிரியை ராகம் வாசிப்பதாக நினைத்துக்கொண்டேன், விரல் தானாகப் போய் உட்கார்ந்தது.

இடைவேளையில் கானூன் பெண் கேட்டாள்: "உங்கள் ஊரில் முதல் பாடம் என்ன, தாதா?" ஸரிகமபதநிஸ என்று மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை வாசித்தேன், முதல் காலத்தில். அவள் மடியில் கானூன். மூன்று மூன்றாக 70க்கும் மேற்பட்ட தந்திகள், இரண்டு ஆள்காட்டி விரலிலும் வளையம் மாட்டி அதில் செருகிய மீட்டுகோல். இரண்டாம் முறையே என்னோடு வந்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் தும்பக்காரர் சும்மா இருக்க முடியாமல் தும், தக் என்று சேர்ந்துகொண்டார். எட்டு எண்ணிக்கை, ஆதி தாளத்தில் பொருந்தி உட்கார்ந்தது. என் ஆசிரியர் ஏழு வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசைகள் ஒரு தாராப் அறையில், கானூன் ஒலியில், அவ்வளவு புதியதாகக் கேட்டன.

நான்காம் நாள்

பும்பா கிராமத்துக்குப் போனேன். நகரத்துக்குத் தெற்கே, கடலுக்குள் நீண்டிருக்கும் நிலம். தாலாதாலா என்ற சிற்றுந்தில் பயணம், மடியில் ஒருவரின் மரவள்ளிக்கிழங்கு மூட்டை. சித்தி பிந்தி சாத் 1880இல் பிறந்த ஊர் இது. அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. பானை செய்யும் ஏழைக் குடும்பம். பானைகளைத் தலையில் சுமந்து நகரம் வரை நடந்து, தெருத்தெருவாகக் கூவி விற்றார். அந்தக் கூவலில்தான் குரல் விளைந்தது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். தயிர்க்காரி, கீரைக்காரி குரலைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் இதை நம்புவது கடினமில்லை.

அவர் செய்த பெரிய காரியம், அரண்மனையின் அரபுப் பாட்டைச் சாதாரண மக்களின் சுவாஹிலிக்குக் கொண்டுவந்தது. ஊரில் நடந்த அநியாயத்தை, நீதிமன்றத்தில் பெண்ணுக்குக் கிடைக்காத நியாயத்தைப் பாடினார். மெட்டும் வாத்தியமும் கலந்தது ஒரு பக்கம். யார் பாடலாம், எந்த மொழியில், யாருக்காக என்ற வேலியை அவர் உடைத்தார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் பாட்டைக் கேட்டே வளர்ந்த பி கிடூடே, முதுமையிலும் முழவைத் தட்டிப் பாடி உலகம் சுற்றினார், 2013 ஏப்ரலில் மறைந்தார். இன்று தௌசி என்ற குழுவில் பெண்களே எல்லா வாத்தியத்தையும் வாசிக்கிறார்கள். தௌசி என்றால் மயில்.

கரையில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். வடக்கிலிருந்து வீசும் இந்தக் காற்றுக்குக் கஸ்காசி என்று பெயர். டிசம்பர் முதல் மார்ச் வரை வீசும். இதைப் பிடித்துத்தான் நம் கரையிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் பாய்மரங்கள் இங்கே வந்தன. திரும்பிப் போக எதிர்த்திசையில் வீசும் காற்று வேண்டும், அதற்குக் கூசி என்று பெயர். அது வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பாட்டுகள் இடம் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் ஆறு நாளில் திரும்புகிறேன்.

ஐந்தாம் நாள்

இன்று ஒத்திகையில் சரியாக வரவில்லை.

நாளைய மாலை நிகழ்ச்சியில் நானும் ஒரு பாட்டில் சேரவேண்டும் என்று மசே முடிவு செய்திருந்தார். ஹிஜாஸ் கார் பாட்டுத்தான். நான் உற்சாகத்தில் என் வழக்கப்படி வாசித்தேன், ஒவ்வொரு சுரத்திலும் கமகம், ரிஷபத்தில் அசைவு, தைவதத்தில் அசைவு. பாடகி இரண்டு முறை நிறுத்தினார். மூன்றாவது முறை அக்கார்டியன்காரர் வெளிப்படையாகவே சொன்னார், அந்தப் பெண் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்: "நீங்கள் வாசிப்பது அழகாக இருக்கிறது. ஆனால் நாங்கள் எங்கே நிற்பது என்று தெரியவில்லை."

வலித்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. பத்துப் பேர் ஒரே கோட்டில் நடக்கும்போது ஒருத்தி மட்டும் ஊஞ்சலாடினால் மற்றவர்கள் மோதிக்கொள்வார்கள். கமகம் இல்லாமல் ராகம் ஏது என்று பிடிவாதம் பிடிக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பிடிவாதத்தோடு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

அப்புறம் ராஸ்த் மகாமில் இன்னொன்றை முயன்றோம். அதில் காந்தாரம் நம் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்ற இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே சும்மா நிற்கிறது, அசையாமல். நம் கமகங்களில் விரல் அந்த இடத்தைக் கடந்து போகும், ஆனால் குடியிருப்பதில்லை. கானூனில் தந்தி அடியில் இருக்கும் சிறிய உலோக நெம்புகளை மடக்கி அந்தச் சுரத்தைக் கொண்டுவருகிறாள் அந்தப் பெண். மசே விரலால் கொண்டுவருகிறார். என் விரல் ஒவ்வொரு முறையும் மேலே அல்லது கீழே நழுவி, தெரிந்த வீட்டுக்கே ஓடியது. அவர் என் விரலைப் பிடித்து, ஒரு மயிரிழை நகர்த்தி, "போலே போலே" என்றார். மெதுவாக, மெதுவாக. இருபது முறையில் இரண்டு முறை வந்தது. சாதாரண அக்கார்டியனில் அந்தச் சுரமே கிடையாது. அதனால் அந்த வரியில் அக்கார்டியன்காரர் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார், வரி முடிந்ததும் மறுபடி சேர்கிறார். தினமும் அப்படித்தானாம். என்னிடம் அப்படிச் சொல்ல அவருக்கு எங்கிருந்து உரிமை வந்தது என்று அப்போது புரிந்தது.

இரவு ஒரு கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கிடும்பக் நடந்தது, தாராப்பின் ஏழைத் தங்கை என்று சொல்லலாம். இரண்டு சின்ன மண் முழவு, ஒரு வயலின், கொட்டாங்குச்சியில் செய்த கிலுகிலுப்பை. பேஸுக்குப் பதில் கவிழ்த்து வைத்த தேயிலைப் பெட்டி, அதில் ஒரு கம்பு, ஒரு கயிறு. அதற்குப் பெயர் சந்தூக்கு. நம் ஊர் முஸ்லிம் மக்கள் ஜனாஸாவைச் சுமக்கும் பெட்டிக்குச் சொல்வது இதே அரபுச் சொல்லைத்தான். இங்கே அது கல்யாணத்தில் ஆட வைக்கிறது. பெண்கள் விடியும் வரை ஆடினார்கள்.

விடுதிக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அமெரிக்க ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹால், இங்குள்ள கல்ச்சர் மியூசிக்கல் கிளப்போடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட தொகுப்பைக் கேட்டேன். பெயர் ம்குத்தானோ, சந்திப்பு என்று பொருள். கேட்டுக்கொண்டே வயலினை எடுத்து, ஒலி எழாமல் வில்லில்லாமல், பாட்டின் சுரங்களைக் கமகத்தை நீக்கி ஒவ்வொன்றாக விரலால் தொட்டேன். நீக்கிய பிறகும் ஒரே ஓர் இடத்தில், வரி முடியும் ரிஷபத்தில், ஒரு சிறிய அசைவு தேவை என்று பட்டது. அதை மட்டும் கேட்டுப் பார்ப்பேன்.

ஆறாம் நாள்

கேட்டேன். மசே பாடகியைப் பார்த்தார். பாடகி அந்த வரியைத் தனக்குள் முனகிப் பார்த்துவிட்டு, தன் குரலையும் அங்கே லேசாக அசைத்தார். பிறகு மூன்று வயலினும் அசைத்தன. "சாவா" என்றார் மசே, சரி என்று அர்த்தம். அதோடு அவர் இன்னொன்றும் கொடுத்தார். பாட்டுக்கு முன்னால் கானூன் தனியாக வாசிக்கும் பகுதியில் பாதியை எனக்கு விட்டார். அங்கே உன் வழக்கப்படி வாசி, பாட்டு தொடங்கியதும் எங்களோடு நடந்து வா என்றார்.

நிகழ்ச்சி ஒரு கூடத்தில், நூறு பேருக்கு மேல் இருக்கும். மேடையில் எனக்காக ஒரு பாய் விரித்திருந்தார்கள். கானூன் பெண் நான்கு பிடிகள் வாசித்தாள், நான் அவளுக்குப் பதிலாக நாதநாமக்கிரியையில் இரண்டு நிமிடம். யாரோ பின்வரிசையிலிருந்து "அல்லாஹ்!" என்றார். நம் சபாவில் முன்வரிசைப் பெரியவர் "பலே" என்பாரே, அதே இடத்தில், அதே தொனியில். பாட்டு தொடங்கியது. நான் நடந்தேன், ஊஞ்சலாடவில்லை. ரிஷபம் வந்தபோது பத்துப் பேரும் சேர்ந்து அசைந்தோம். அந்த அசைவு இப்போது யாருடையது என்று சொல்ல முடியாது.

பாட்டின் நடுவே கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி எழுந்து, மெல்ல ஆடியபடி வந்து, பாடகியின் கையில் ஷில்லிங் நோட்டு ஒன்றைச் செருகினார். தாராப்பில் இது வழக்கம். வரிகளில் பொருள் மறைந்திருக்கும், நம்மில் சாடை பேசுவது போல. அந்த வரி தன் மனசுக்குச் சொன்னது என்று ஒருவருக்குப் பட்டால் எழுந்து வந்து கொடுப்பார்கள். யாருக்கான சாடை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கேட்டும் கானூன் பெண் சொல்லவில்லை.

இரவு, விடுதி மொட்டை மாடி. பெட்டி கட்டியாகிவிட்டது. காலையில் விமானம், இந்த முறை வயலினுக்குத் தனி இருக்கைக்கே பணம் கட்டிவிட்டேன். கானூன் பெண் சரளி வரிசை 14ஐயும் பதிவு செய்து தரச் சொல்லியிருந்தாள். அவளும் மசேயும் இங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். நான் ஏழு வரிசை வாசித்து முடிப்பதற்குள் அண்டை வீட்டில் விளக்கணைத்துவிட்டார்கள், நிறுத்திக்கொண்டோம். பதிலுக்கு மசே ராஸ்த் ஏறுவரிசையை என் செல்பேசியில் வாசித்துக் கொடுத்திருக்கிறார், காந்தாரத்தில் மட்டும் மூன்று மடங்கு நேரம் நின்று. மாட்டுங்கா போய்ச் சேர்ந்ததும் மீதி ஏழு வரிசையை அவளுக்கு அனுப்ப வேண்டும்.